வேலூர் நகரப் பேருந்துகளுக்கு வழித்தட வரைபடம்: அளவுப்படி வரைவதா, நேர்கோடுகளாக வரைவதா?

கேள்வி – விருதம்பட்டு ஆசிரியர்

அனைவருக்கும் வணக்கம். காட்பாடியை ஒட்டிய பள்ளி ஒன்றில் புவியியல் கற்பிக்கிறேன். சென்ற மாதம் காட்பாடி சந்திப்புக்கு வெளியே, மருத்துவத்துக்காக வங்காளத்திலிருந்து வந்திருந்த முதிய தம்பதியர் இருவரைக் கண்டேன். விடியற்காலையில் தொடர்வண்டியை விட்டு இறங்கியவர்கள், "சி.எம்.சி." (கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை) என்று கேட்டு நகரப் பேருந்தில் ஏறி, மருத்துவமனையைத் தாண்டிப் பாகாயத்துக் கல்லூரி வளாகம் வரை போய்விட்டு, அங்கே வழி புரியாமல் மறுபடியும் பேருந்தேறிப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பியிருந்தார்கள். யார் மீதும் குற்றம் சொல்வதற்கில்லை. பாகாயத்திலும் சி.எம்.சி. இருக்கத்தான் செய்கிறது.

அன்று முதல், ஒரே தாளில் அடங்கும் நகரப் பேருந்து வரைபடம் ஒன்றை ஒன்பதாம் வகுப்பு மாணவர்களைக் கொண்டு உருவாக்க முயன்று வருகிறேன். வார இறுதி நாட்களில் அவர்கள் பேருந்துகளில் சென்று நிறுத்தங்களைக் குறிப்பேட்டில் எழுதி வந்தார்கள். இப்போது எங்களிடம் இரண்டு வரைவுகள் உள்ளன. முதலாவது, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தளத்தின் சாலைகளை அடிப்படையாகக் கொண்டு 1:50,000 என்ற அளவில் வரைந்தது. ஒரு கிலோமீட்டர் தாளில் 2 சென்டிமீட்டர் ஆவதால், காட்பாடியிலிருந்து பாகாயம் வரை ஏறத்தாழ ஒரு சாண் நீளத்துக்குள் வந்துவிடுகிறது. ஆனால் பழைய பேருந்து நிலையம், கோட்டை, மருத்துவமனை, ராஜா தியேட்டர் ஆகிய அனைத்தும் நடந்தே போய்விடக்கூடிய தொலைவில் இருப்பவை. கூட்டம் மிகுந்த அந்த இடம் முழுவதும் தாளில் என் கட்டைவிரல் அகலத்துக்குள் நெருக்கியடிக்கிறது. அரியூருக்கும் ஸ்ரீபுரத்துக்கும் போகும் பக்கமோ வெறுமையாகக் கிடக்கிறது. இரண்டாவது வரைவு, லண்டன் சுரங்க ரயில் வரைபடத்தைப் பார்த்து மாணவர்கள் நேர்கோடுகளும் 45 பாகைச் சாய்கோடுகளுமாகப் போட்டது. பார்க்க அழகாக இருக்கிறது. பெயர்களும் தெளிவாக விழுகின்றன. ஆனால் ஒரு மாணவியின் பாட்டி அதைப் பார்த்துவிட்டு, "இதில் கோட்டை எங்கே, ஆறு எங்கே?" என்று கேட்டாராம். அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை.

எது சரியான முறை? பேருந்து எண் ஒவ்வொன்றுக்கும் தனிக்கோடு வேண்டுமா? ஒன்றுபட்ட வடார்க்காடு காலத்தில் இங்கே இத்தகைய வரைபடம் ஏதேனும் புழக்கத்தில் இருந்ததா?

பதில் 1 – பாகாயம்வாசி

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். வேலூரில் பட்டுக்கோட்டை அழகிரி போக்குவரத்துக் கழகம் 1982இல் ஏற்பட்ட பிறகு நடத்துநராகப் பணியில் சேர்ந்து, 1997இல் தலைவர்களின் பெயர்கள் எல்லாக் கழகங்களிலிருந்தும் நீக்கப்பட்டதையும் பார்த்து, ஓய்வு பெற்றவன் நான். தங்களின் கடைசிக் கேள்விக்கு மட்டும் என்னால் பதில் சொல்ல முடியும். பயணிகள் பார்ப்பதற்கென்று அச்சிட்ட வரைபடம் எதையும் என் பணிக்காலத்தில் நான் கையில் வாங்கியதில்லை. ஆனாலும் வரைபடமே இல்லை என்று சொல்லமாட்டேன். அது கோடாக இல்லாமல் எழுத்தாக இருந்தது.

பெர்மிட்டில் தடம் எழுதப்படும் விதத்தைப் பாருங்கள்: புறப்படும் ஊர், சேரும் ஊர், இடையே "வழி" என்று சில பெயர்கள். அதே தடம் எங்கள் கைக்கு வரும்போது ஸ்டேஜ் (கட்டணப் பகுதி) பட்டியலாகிவிடும். ஊர்ப் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்க, பக்கத்தில் கட்டணம் படிக்கட்டைப் போலச் சரிந்து வரும். எந்த ஸ்டேஜிலிருந்து எந்த ஸ்டேஜுக்கு எவ்வளவு என்பதை விரலை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். ஒரு ஸ்டேஜுக்குள் இரண்டு மூன்று நிறுத்தங்கள்கூட அடங்கும் என்பதால், எந்த நிறுத்தத்தில் ஸ்டேஜ் மாறுகிறது என்பதை நாங்கள் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். பயணியோடு வாக்குவாதம் வருவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

பயணிகளுக்கு இருந்த ஒரே வரைபடம் முகப்புப் பலகை. அதில் இடம் மிகக் குறைவு. வேலூரிலிருந்து ஆரணிக்குப் போகும் வண்டியில் "கணியம்பாடி, கண்ணமங்கலம்" என்று எழுதினால் போதும், மற்ற சிற்றூர்க்காரர்கள் புரிந்துகொள்வார்கள். ஆனால் குடியாத்தம் வண்டியில் அப்படி விட்டுவிட முடியாது. பள்ளிகொண்டா வழியாகப் போவதும் குடியாத்தம்தான், லத்தேரி, கே.வி.குப்பம் வழியாகப் போவதும் குடியாத்தம்தான். ஒன்று பாலாற்றுக்குத் தெற்கே வெகுதூரம் போய் ஆற்றைக் கடக்கிறது, மற்றது காட்பாடியிலேயே வடகரைக்கு வந்துவிடுகிறது. "வழி" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு பெயர் தவறினாலும், கே.வி.குப்பத்துக்காரர் பள்ளிகொண்டாவில் போய் நிற்பார். எந்தப் பெயரை எழுதுவது, எதை விடுவது என்று தகரப் பலகையின் முன்னால் தூரிகையோடு நின்று யோசித்த ஓவியரையே இந்த மாவட்டத்தின் முதல் வரைபடக் கலைஞராக நான் கருதுகிறேன்.

எண்களைப் பற்றி ஒரு சொல். நம் ஊரில் நெடுநாளாக இருப்பவர்களுக்கு 1, 2 என்ற எண்கள் தெரியும். மற்றபடி "பாகாயம் போகுமா?" என்று இடத்தைக் கேட்டு ஏறுபவர்களே மிகுதி. ஆகையால் எண்ணைச் சிறியதாகவும் இடத்தைப் பெரியதாகவும் போடுங்கள்.

பதில் 2 – வரைகோடு

நான் வரைகலைத் துறையில் இருப்பவன். சொந்த ஊர் ராணிப்பேட்டை. பெரியவர் சொன்ன ஸ்டேஜ் பட்டியலை நான் வரைபட வகைகளில் ஒன்றாகவே எடுத்துக்கொள்வேன். 1675இல் ஜான் ஓகில்பி இங்கிலாந்தின் சாலைகளை வெளியிட்டபோது, நாட்டை விரித்துக் காட்டாமல், ஒவ்வொரு சாலையையும் நீண்ட நாடாவாக வெட்டி, பக்கத்தில் பக்கத்தில் அடுக்கித்தான் அச்சிட்டார். சாலை திரும்பும் திசையை உணர்த்த ஒவ்வொரு நாடாவிலும் தனித் திசைகாட்டி வரைந்தார். ஒரே சாலையில் போகிறவனுக்கு அந்தச் சாலை மட்டும் போதும் என்ற எண்ணமே அதற்கு அடிப்படை. இன்று மெட்ரோ ரயில் கதவுக்கு மேலே ஒட்டியிருக்கும் நீளப் பட்டையும் அதே வகையைச் சேர்ந்ததுதான்.

மாணவர்கள் பார்த்து வரைந்த லண்டன் வரைபடத்தின் கதை வேறு. ஹாரி பெக் அந்தச் சுரங்க ரயில் நிறுவனத்தின் சமிக்ஞைப் பிரிவில் வரைவாளராக இருந்தவர். 1931இல் அவர் போட்ட முதல் வரைவு ஏற்கப்படவில்லை. 1933இல்தான் மக்கள் கைக்கு வந்தது. ஆசிரியருக்கு இப்போது நேர்ந்திருக்கும் அதே சிக்கல்தான் அவருக்கும் நேர்ந்தது: நடுநகரத்தில் நிலையங்கள் நெருங்கிக் கிடந்தன, புறநகரில் கோடுகள் வெற்றிடத்தில் நீண்டன. நடுப்பகுதியைப் பெரிதாக்கி, வெளிப்பகுதியைச் சுருக்கி, வளைவுகளை நேராக்கி அதைத் தீர்த்தார். ஆனால் மேலே இருக்கும் ஊரின் அடையாளங்கள் எல்லாவற்றையும் நீக்கியவர், தேம்ஸ் ஆற்றை மட்டும் விட்டுவைத்தார். அந்தப் பாட்டி கேட்டதில் பாதியை அவர் 90 ஆண்டுகளுக்கு முன்பே ஒப்புக்கொண்டுவிட்டார் என்று சொல்லலாம்.

நியூயார்க் சுரங்க ரயிலுக்கு 1972இல் வரைந்த வரைபடத்தில் வரைகலைஞர் மாசிமோ விஞ்ஞெல்லி இதைவிட ஒரு படி மேலே போனார். நகரின் சென்ட்ரல் பூங்காவைச் சாம்பல் நிறச் சதுரமாகவும், நீர்ப்பரப்பைப் பழுப்பாகவும் போட்டார். வரைகலைஞர்கள் இன்றளவும் அதைப் போற்றுகிறார்கள். ஆனால் அங்குள்ள பயணிகளில் பலர், தங்கள் ஊரைத் தங்களுக்கே தெரியாததாக ஆக்கிவிட்டார்கள் என்று குறைகூறியதால், 1979இல் நிலப்பரப்பை ஓரளவு உள்ளபடியே காட்டும் வேறொரு வரைபடம் வந்து அதன் இடத்தைப் பிடித்தது. நான் இந்த வழக்கில் பயணிகள் பக்கம்.

ஆனால் இவை அனைத்தும் ரயிலுக்கானவை என்பதை மறந்துவிடக் கூடாது. சுரங்கத்தில் போகிறவருக்குச் சன்னலுக்கு வெளியே இருட்டைத் தவிர ஒன்றும் தெரியாது. எந்த நிலையத்துக்கு அடுத்து எது என்பது தெரிந்தால் போதும். பேருந்தில் போகிறவர் தெருவைப் பார்த்துக்கொண்டே போகிறார். பாலம் வந்தால் அவருக்குத் தெரிகிறது, கோட்டை மதில் வந்தால் தெரிகிறது. வரைபடத்தில் பாலம் இடப்பக்கமும் கண்ணெதிரே வலப்பக்கமும் இருந்தால், அவர் நம்பாமல் போவது வரைபடத்தைத்தான். லண்டன் பேருந்துகளுக்கு நெடுங்காலம் வழங்கிய வரைபடங்கள் இதனால்தான் சாலைகளை உள்ளபடியே வரைந்து, ஒவ்வொரு சாலையின் மீதும் அங்கே ஓடும் எண்களை வரிசையாக எழுதின. அந்த எண்கள்கூட 1906இல்தான் அங்கே புழக்கத்துக்கு வந்தன. அதற்கு முன் வண்டியின் நிறத்தையும் பெயரையும் கொண்டே அடையாளம் கண்டார்கள். எண்கள் பெருகப் பெருக வரைபடம் எண்களின் காடாகிவிட்டது. ஏறத்தாழ 700 தடங்களை ஒரே தாளில் எப்படிப் படிப்பது? ஆகையால் 2002 வாக்கில் சிலந்தி வரைபடம் என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். நீங்கள் நிற்கும் பகுதி மட்டும் நடுவில் உள்ளபடி விரிவாக இருக்கும்; அங்கிருந்து கிளம்பும் பேருந்துகள் மட்டும் கால்களைப் போல நேர்கோடுகளாக நீளும். மற்ற தடங்கள் அதில் இடம்பெறா. நான் விரும்பும் முறை இதுவே.

இனி வேலூருக்கு வருவோம். இயற்கை நமக்கு ஓர் உதவி செய்திருக்கிறது, கவனித்தீர்களா? காட்பாடி, மருத்துவமனை, பாகாயம் மூன்றும் வடக்கிலிருந்து தெற்காக ஏறத்தாழ ஒரே தீர்க்கரேகையை ஒட்டி விழுகின்றன. பாலாறு மேற்கிலிருந்து கிழக்காகக் குறுக்கே ஓடுகிறது. அதற்குத் தெற்கே பெங்களூரு–சென்னை நெடுஞ்சாலையும் அதே போக்கில் செல்கிறது. உண்மையான நில அமைப்பே நேர்கோட்டு வரைபடம் போல இருக்கும்போது, அளவா கோடா என்ற சண்டை பெரிதும் தணிந்துவிடுகிறது. நடுவில் தடித்த செங்குத்துக் கோடு ஒன்று முதுகெலும்பு போல, குறுக்கே ஆறு, கிழக்கே சத்துவாச்சாரி, மேற்கே கொணவட்டம், தெற்கே அரியூர், ஸ்ரீபுரம் என்று கிளைகள். மருத்துவமனையைச் சுற்றியுள்ள பகுதியை மட்டும் தாளின் ஓரத்தில் ஒரு கட்டத்துக்குள் பெரிதாக, அளவுப்படி, தெருக்களோடு வரைந்துவிடுங்கள்.

எண் ஒவ்வொன்றுக்கும் தனிக்கோடு வேண்டாம். அதற்கு மாறாக, எவ்வளவு நேரத்துக்கு ஒரு பேருந்து வரும் என்பதைக் கோட்டின் தடிமனால் காட்டுங்கள். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரம் 2015இல் தன் பேருந்துத் தடங்களை மாற்றி அமைத்தபோது, வரைபடத்திலும் நிறங்களை எண்ணுக்காக அல்லாமல் இடைவெளிக்காகப் பயன்படுத்தியது: 15 நிமிடத்துக்கு ஒன்று ஓடுவது ஒரு நிறம், அரைமணிக்கு ஒன்று மற்றொரு நிறம். காத்திருந்து ஏறக்கூடிய தடத்தையும், நேரம் பார்த்து வீட்டிலிருந்து கிளம்ப வேண்டிய தடத்தையும் ஒரே தடிமனில் வரைவது வரைபடங்கள் சொல்லும் பெரும் பொய். காட்பாடி–பாகாயம் கோட்டையும், நாளைக்குச் சில நடை மட்டும் போகும் சிற்றூர்க் கோட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், நான் சொல்வது விளங்கும்.

பட்டறிவில் கண்ட இரண்டு செய்திகளையும் சொல்லிவிடுகிறேன். வெயிலில் வைக்கும் அச்சுத்தாளில் மஞ்சளும் மெஜந்தாவும் முதலில் வெளிறும். நீலமும் கறுப்பும் தாக்குப்பிடிக்கும். வேலூர்க் கோடையைத் தாண்டிய எந்தச் சுவரொட்டியும் நீலம் பாரித்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆகவே சிவப்பு நிறக் கோடுகளை மட்டும் நம்ப வேண்டாம். தடிமனும் புள்ளிக்கோடும் துணைக்கு இருக்கட்டும், நிறம் பிரித்தறிய முடியாதவர்களுக்கும் அது உதவும். அடுத்து, தமிழ்ப் பெயர்களைச் சாய்த்து எழுதாதீர்கள். நம் எழுத்துக்கு மேலே விசிறியும் கீழே சுழியும் உண்டு என்பதால், சிறிய அளவில் சாய்த்தால் பக்கத்துக் கோட்டில் முட்டிக்கொள்ளும். முதுகெலும்பு செங்குத்தாக இருப்பதால் பெயர்களை இருபுறமும் கிடையாகவே எழுத முடிவது இன்னொரு வசதி.

பதில் 3 – ஊர்சுற்றி

மாற்றுக் கருத்து ஒன்றைப் பதிவு செய்கிறேன். கைப்பேசிக் காலத்தில் தாள் வரைபடம் தேவைதானா? 2005இல் போர்ட்லாந்து நகரப் போக்குவரத்து நிறுவனமும் கூகுளும் சேர்ந்து தொடங்கி, அடுத்த ஆண்டு பொதுவில் வைத்த ஜி.டி.எஃப்.எஸ். என்ற கோப்பு முறையைத்தான் இன்று உலகெங்கும் செயலிகள் படிக்கின்றன. நிறுத்தத்தின் பெயர், அட்சரேகை, தீர்க்கரேகை, தடம், நேரம் ஆகியவற்றை வரிசை வரிசையாக எழுதிய சாதாரண எழுத்துக் கோப்புகள்தாம் அவை. மாணவர்களின் குறிப்பேட்டை அந்த வடிவில் ஏற்றிவிட்டால், வரைபடம் தானாக வந்துவிடுமே. தாளில் அச்சிட்டது, அடுத்த மாதம் ஒரு தடம் மாறினால் பொய்யாகிவிடும்.

பதில் 4 – விடுதிவரவேற்பு

மருத்துவமனைக்கு எதிர்ப்பக்கத்துத் தெருக்களில் உள்ள தங்கும் விடுதி ஒன்றில் வரவேற்பில் இருக்கிறேன். ஊர்சுற்றி அவர்கள் சொல்வது நாங்களும் நீங்களும் பயன்படுத்துவதற்குச் சரி. எங்கள் விடுதிக்கு வருபவர்களில் பலர் வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள் ஆகியவற்றிலிருந்து வரும் முதியவர்கள். செயலியில் எங்கே போக வேண்டும் என்று முதலில் தட்டச்சு செய்ய வேண்டும். இந்த ஊரில் எங்கெங்கே போகலாம் என்பதே தெரியாதவர் எதைத் தட்டச்சு செய்வார்? வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அவர்களுக்கு வாய் இருக்கிறது, நமக்குப் புரியும் மொழிதான் இல்லை. தாளை நீட்டி விரலை வைத்துக் காட்டினால் நடத்துநருக்கும் புரியும், அவருக்கும் புரியும்.

கோடுகளைக் காட்டிலும் பெயர்களில்தான் எனக்குக் கவலை. ஆசிரியர் சொன்ன தம்பதியருக்கு நேர்ந்ததை வாரந்தோறும் கேட்கிறேன். நகரத்தின் நடுவே மருத்துவமனை, பாகாயத்தில் கல்லூரி வளாகம், ஆரணி சாலையில் கண் மருத்துவமனை, இப்போது ராணிப்பேட்டை வளாகம் என்று அந்த மூன்றெழுத்து நான்கு இடங்களைக் குறிக்கிறது. வெறுமனே "சி.எம்.சி." என்ற பெயர் உங்கள் வரைபடத்தில் ஓரிடத்திலும் இருக்கக் கூடாது, ஒவ்வொன்றின் பக்கத்திலும் அது எது என்பதைச் சொல்லும் இரண்டாம் சொல் வேண்டும். அதேபோல, காட்பாடியில் இருக்கும் "சித்தூர் பேருந்து நிலையம்" என்ற பெயரைப் படித்துவிட்டு, ஆந்திர எல்லைக்கே போய்விட்டோமோ என்று பதறியவர்களும் உண்டு. 1911 வரை வடார்க்காட்டின் தலைமையிடமே சித்தூர்தான் என்ற வரலாறெல்லாம் அவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? பேருந்து நிலையம் என்று மொட்டையாக எழுதினாலும் குழப்பமே: பழையது கோட்டைக்கு எதிரே, புதியது கிரீன் சர்க்கிள் அருகே.

பெயர்களைத் தமிழ், வங்காளம், இந்தி ஆகிய மூன்று எழுத்திலும் போட முடியுமா? இடம் போதவில்லை என்றால் என்ன செய்வது என்று வரைகோடு அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

பதில் 5 – வரைகோடு

எல்லா நிறுத்தங்களுக்கும் மூன்று எழுத்து போட்டால் தாள் தாங்காது. வெளியூரார் இறங்கும் எட்டுப் பத்து இடங்களுக்கு மட்டும் போடுங்கள். அவற்றுக்கு எளிய சின்னம் ஒன்றையும் சேர்க்கலாம். 1969இல் மெக்சிகோ நகர மெட்ரோ தொடங்கியபோது லான்ஸ் வைமன் என்ற வரைகலைஞர் ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு சின்னம் அமைத்தார்; எழுத்தறியாதவரும் சின்னத்தைப் பார்த்து இறங்கினார்கள். நமக்குக் கோட்டை மதில், ரயில் எஞ்சின், பொற்கோயில் கோபுரம், பாலம் என்று மாணவர்களே வரைந்துவிடுவார்கள். மருத்துவமனைக்கும் கல்லூரி வளாகத்துக்கும் மட்டும் ஒரே மாதிரியான சின்னம் போட்டுவிடாதீர்கள், மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

செயலியா தாளா என்பதில் எனக்குச் சண்டை இல்லை. குறிப்பேட்டைக் கோப்பாக்கி வைத்தால், தடம் மாறும்போது தாளைத் திருத்துவதும் எளிது. தாளின் மூலையில் எந்த மாதத்து நிலவரம் என்று தேதி போடுவதை மட்டும் மறக்க வேண்டாம்.

கேட்டவரின் மறுமொழி – விருதம்பட்டு ஆசிரியர்

அனைவருக்கும் நன்றி. நேற்று மாலை உங்கள் பதில்களைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு மாணவர்களோடு பேசினேன். மூன்றாவது வரைவு தொடங்கிவிட்டது. நடுக்கோடு செங்குத்தாக, பாலாறு குறுக்கே நீலப் பட்டையாக, கோட்டை தன் அகழியோடு. மருத்துவமனைச் சுற்றுப்புறத்துக்குத் தனிக்கட்டம் ஒதுக்கி, அதை மட்டும் 1:10,000 அளவில் வரைகிறோம். ஒரு கிலோமீட்டர் 10 சென்டிமீட்டர் ஆகிவிடுவதால், கட்டைவிரலுக்குள் நெருங்கிக் கிடந்ததெல்லாம் இப்போது உள்ளங்கைக்குப் பரவியிருக்கிறது. எண்களுக்கான நிறங்களை விட்டுவிட்டோம். தங்கள் ஊர்ப் பேருந்து மெல்லிய கோடாகப் போனதில் அணைக்கட்டுப் பக்கத்து மாணவர்கள் இருவருக்குச் சற்று மனத்தாங்கல். எத்தனை மணிக்கு வருகிறது என்று அவர்களையே எழுதச் சொன்னேன், எழுதிய பிறகு அவர்களே கோட்டை இன்னும் மெல்லியதாக்கினார்கள்.

பெயர்கள்தாம் மீதம். ஒரே நிறுத்தத்துக்கு மாணவர்களின் குறிப்பேட்டில் சில இடங்களில் இரண்டு மூன்று பெயர்கள் இருக்கின்றன: பலகையில் ஒன்று, கடைக்காரர் சொல்வது ஒன்று, பயணிகள் கேட்டு இறங்குவது ஒன்று. பாகாயம்வாசி ஐயா அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தங்கள் ஸ்டேஜ் பட்டியல் இன்னும் நினைவில் இருக்குமானால், வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பாகாயத்தில் எங்களோடு ஏறிக் காட்பாடி வரை வர முடியுமா? தாங்கள் ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டே வாருங்கள்; மாணவர்கள் எழுதிக்கொள்வார்கள். தங்களுக்கு டிக்கெட் எடுப்பது என் பொறுப்பு.